புது வகுப்பறைகளை மந்திரிக்கும் நாள்

தளம் போட்டு முடித்த அன்றைக்கே தாளாளர் ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டு ஒரு தேதி வாங்கிவிடுவார். நம் பங்குகளில் வழக்கமாக நடப்பது இதுதான். அப்புறம் அந்தத் தேதி எல்லாரையும் விரட்டத் தொடங்கும். பூச்சு காய்வதற்குள் பெயிண்ட் அடிப்பார்கள், பெயிண்ட் காய்வதற்குள் பெஞ்சைக் கொண்டுவந்து போடுவார்கள். விழா அன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டுப் பாவாடையில் சுவரின் நீலம் ஒட்டியிருக்கும். ஆகவே தேதியைக் கடைசியில் குறியுங்கள். அறை தயாராகட்டும், தாள்கள் கைக்கு வரட்டும், பிறகு நாள் பார்க்கலாம்.

தாள்கள் என்று நான் சொல்வது நான்கு சான்றுகளை. தமிழ்நாட்டில் பள்ளி நடத்துகிற எவருக்கும் இவை மனப்பாடமாக இருக்கும்: கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. பழைய கட்டடத்துக்கு இவை இருக்கின்றன என்பதற்காகப் புதிதாகச் சேர்த்த அறைகளுக்கும் அவை பொருந்திவிடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ மாடிக் கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இந்த இரண்டையும் தெரிந்த பிறகு, 'முதலில் மந்திரித்துவிடலாம், சான்று பின்னால் வரும்' என்று சொல்ல ஒரு தாளாளருக்கு வாய் வரக்கூடாது. தீர்த்தம் தெளித்த சுவர் என்பதற்காகப் பொறியாளர் அதைத் தட்டிப் பார்க்காமல் விட மாட்டார், விடவும் கூடாது.

சான்றுகள் வந்துவிட்டன, ஆனால் ஆயருடைய தேதி இரண்டு மாதம் கழித்துத்தான் என்றால் என்ன செய்வது? பல பள்ளிகளில் அறைகளைப் பூட்டி வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பை வராந்தாவிலும் நான்காம் வகுப்பை வேப்ப மரத்தடியிலும் நடத்துகிறார்கள். இதற்குத் தேவையே இல்லை. மந்திரிக்காத அறையில் பாடம் நடத்தக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. கோவிலையும் பீடத்தையும் வழிபாட்டுக்கென்றே நேர்ந்தளித்து ஒதுக்கி வைக்கிறோம். வகுப்பறை அப்படி ஒதுக்கப்பட்ட புனித இடமாக ஆவதில்லை. அங்கே பிள்ளைகள் சண்டை போடலாம், சிந்தலாம், கிறுக்கலாம்; பத்து வருடம் கழித்து அதை ஸ்டோர் ரூம் ஆக்கினாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிற ஆட்களை நினைத்துத்தான் அறையை மந்திரிக்கிறோம். கட்டடத்தோடு ஒரு சிற்றாலயமும் சேர்த்துக் கட்டியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. அதற்கு ஆயரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், சடங்கும் தனி.

யார் மந்திரிக்கலாம்

பங்குத்தந்தை போதும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1169-ஆம் பிரிவு, ஆயருக்கோ திருத்தந்தைக்கோ ஒதுக்கப்படாத ஆசிகளை எந்த அருள்பணியாளரும் வழங்கலாம் என்கிறது. பள்ளி அறை அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்றல்ல. திருத்தொண்டரைப் பொறுத்தவரை, சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் ஆசிகளை மட்டுமே அவர் வழங்கலாம். சடங்கு நூலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அருள்பணியாளர் அங்கே இருந்தால் அவரே முன்னிற்கட்டும்.

ஆயர் வந்தால் மகிழ்ச்சிதான். மறைமாவட்டத்துப் பள்ளிகளைப் பார்வையிடுவது அவருடைய உரிமை, கடமையும்கூட. ஆனால் இரண்டு அறைக்கும் ஒரு கழிப்பறைக்கும் ஆண்டவரை அழைத்து, அதற்காகவே பந்தல், பேண்டு, பொன்னாடை என்று போவது சின்னப் பள்ளியின் கைக்கு அடங்காத செலவு. அவர் உறுதிபூசுதலுக்கு உங்கள் பங்குக்கு வருகிற நாள் ஒன்று இருக்கும். அன்று காலையிலேயே பத்து நிமிடம் நடந்து வந்து மந்திரித்துவிட்டுப் போகச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்.

நாள் பார்ப்பது

பள்ளியின் பாதுகாவலர் திருநாள் இருக்கவே இருக்கிறது. அது கோடை விடுமுறையில் விழுந்தால் வேறு நாள் தேடவேண்டும். ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்றே புனித அன்னை தெரசாவின் நினைவும் வருவது நமக்கு வசதி. அதிகம் கவனிக்கப்படாத நாள் ஆகஸ்ட் 25, புனித யோசேப்பு கலசன்ஸ் நினைவு. 1597-இல் உரோமையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய அருள்பணியாளர் இவர். 1948-இல் பன்னிரண்டாம் பயஸ் இவரைக் கிறிஸ்தவ மக்கள் பள்ளிகளின் பாதுகாவலராக அறிவித்தார். நம்மூர் ஆர்.சி. தொடக்கப் பள்ளிகளுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கஷ்டம், ஆனால் இவர் படம் மாட்டிய பள்ளி நம் பக்கம் அபூர்வம்.

மார்ச் 19 சூசையப்பர் திருநாளும் பலருக்குப் பிடித்தமான நாள். அது எப்போதும் தவக்காலத்துக்குள்தான் வரும் என்பதைச் சமையல்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நினைவு வையுங்கள். தவக்கால வெள்ளியில் விழா வைத்துவிட்டுப் பிரியாணி சொன்னால் பங்கில் பேச்சு வரும். சூசையப்பர் நாளே வெள்ளியில் வந்தால், பெருவிழா என்பதால் சட்டப்படி இறைச்சி விலக்கு இல்லை. ஆனால் அதை ஊர்ப் பாட்டிமாரிடம் விளக்கி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும். சாம்பார் சாதம் போதும்.

தேர்தல் அறிவித்திருக்கும் நாட்களில் அரசியல்வாதிகளை அழைத்து மேடை போடாதீர்கள். நன்னடத்தை விதிகள் உங்கள் பள்ளியைக் குறிவைத்து எழுதப்படவில்லை என்றாலும், போட்டோ வெளியானதும் விளக்கம் கேட்டு வருகிற கடிதம் தலைமையாசிரியை பெயருக்குத்தான் வரும்.

வேலை நாளில் வைப்பதா, சனிக்கிழமையிலா? நான் வேலை நாள் பக்கம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரப் பகுதிக்கும் வந்துவிட்டது. வேலை நாளென்றால் பிள்ளைகள் சாப்பிட்ட வயிற்றோடு நிற்பார்கள். சனிக்கிழமை வைத்தால் காலை ஏழு மணிக்கே அலங்கரித்து, வெறும் வயிற்றோடு அனுப்பிவிடுவார்கள். பத்து மணி வெயிலில் முதலில் மயங்கி விழுவது வரவேற்பு நடனக் குழுவில் உள்ள பிள்ளையாகத்தான் இருக்கும். சனிக்கிழமைதான் வைக்க முடியும் என்றால் வந்ததும் இரண்டு இட்லி கொடுத்துவிட்டு வரிசையில் நிறுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு கடிதம்

நம் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர் அல்லர். பள்ளி நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நமக்குத் தருகிறது. அதற்குச் சற்று முன்னால், 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளியில் எந்தப் பிள்ளையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது, சிறு பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். முதல் பிரிவை மேடைக்கு மேடை பேசுகிறோம், இரண்டாவதைப் பேசுவது குறைவு.

திருச்சபைச் சட்டமும் இதில் தாராளமாகவே இருக்கிறது. 1170-ஆம் பிரிவின்படி, தனித்தடை எதுவும் இல்லாவிட்டால் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் ஆசி வழங்கலாம். கொடுக்க நமக்குத் தடையில்லை, வாங்குவது அவர்கள் விருப்பம். ஒரு வாரம் முன்பே இப்படி ஒரு கடிதம் அனுப்புங்கள்:

'அன்புள்ள பெற்றோருக்கு, வருகிற ...... கிழமை காலை 9.30 மணிக்கு நம் பள்ளியின் புதிய வகுப்பறைகளைப் பங்குத்தந்தை மந்திரித்துத் திறந்து வைக்கிறார். முதல் அரை மணி நேரம் கிறிஸ்தவ முறைப்படி வழிபாடு நடக்கும். உங்கள் பிள்ளை அதில் கலந்துகொள்வது உங்கள் விருப்பம். கலந்துகொள்ளாத பிள்ளைகள் அந்த நேரம் ஓர் ஆசிரியரோடு கதைப்புத்தகம் வாசிப்பார்கள். பிறகு நடக்கும் பொது நிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் எல்லாரும் வாருங்கள். கீழே உள்ள துண்டில் குறித்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.'

திரும்பி வந்த துண்டுகளைக் கோப்பில் வையுங்கள். 'சாமி தண்ணி பட்டா நல்லதுதானே டீச்சர், இதுக்குப் போய்க் கேக்குறீங்களே' என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போகிற அம்மாக்கள்தான் அதிகம் இருப்பார்கள். கேட்டதனால் அந்த அம்மாவின் மரியாதையும் கூடுகிறது, உங்களுடையதும் கூடுகிறது. வேண்டாம் என்று எழுதி அனுப்பிய வீட்டுப் பிள்ளையை மட்டும் தனியாக உட்கார வைக்காதீர்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அன்று லேட்டாக வருவார்கள், அவர்களையும் அந்தக் கதைப்புத்தக அறைக்கே அனுப்பினால் யார் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது.

முந்தின நாள் மாலை

விழாவைக் கெடுக்கிற பெரும்பாலான சங்கடங்கள் சுத்தியலும் சாவியும் சம்பந்தப்பட்டவை. புது மரக்கதவு மழை ஈரத்தில் உப்பி நிலையோடு இறுகிக்கொள்ளும். சாவிக்கொத்து காண்டிராக்டரின் பைக்கில் இருக்கும், காண்டிராக்டர் அடுத்த ஊர்ச் சைட்டில் இருப்பார். முந்தின நாள் மாலை நீங்களே போய் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு சாவியிலும் அறையின் பெயர் எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

அடுத்தது சிலுவை. மந்திரித்த பாடுபட்ட சுரூபத்தை அருள்பணியாளர் கையிலிருந்து வாங்கி மாட்டப் போகும்போதுதான் ஆணி அடிக்கவில்லை என்பது தெரியவரும். யாரோ ஒருவர் பெஞ்சின் மேல் ஏறிக் கான்கிரீட் ஆணியை அடிப்பார். ஆணி வளையும், துள்ளிப் பறக்கும், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயரும். கீழே அருள்பணியாளர் சுரூபத்தை ஏந்திக்கொண்டு நிற்பார், பாடற்குழு அதே பல்லவியை ஐந்தாவது தடவை பாடும். டிரில் போட்டு, பிளக் வைத்து, ஸ்குரூ முடுக்கி, அந்தச் சுரூபத்தையே ஒருமுறை மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்துவிட்டால் இந்தக் கூத்து இல்லை. கரும்பலகைக்கு மேலே நடுவில் மாட்டுவது வழக்கம். மின்விசிறியின் நிழல் அதன் மேல் ஓடாத இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வருடம் முழுக்கப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அந்த நிழலாட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கொத்தனார்கள் கட்டட முகப்பில் திருஷ்டி பொம்மையோ பூசணிக்காயோ கட்டியிருப்பார்கள். அருட்சகோதரிகளில் சிலருக்கு அதைப் பார்த்தாலே முகம் மாறும். வாட்ச்மேனை விட்டுப் பிய்த்து எறியச் சொல்லாதீர்கள். கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டு, 'வேலைதான் முடிஞ்சிடுச்சே, இறக்கிடலாமா அண்ணே?' என்று கேளுங்கள். அவரே இறக்கித் தருவார்.

தட்டில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சடங்கு நூல், பக்கம் குறித்த விவிலியம், தீர்த்தச் செம்பும் தெளிப்பானும், ஸ்தோலா, மாட்ட வேண்டிய சுரூபங்கள். தீர்த்தத்தை முன்பே மந்திரித்துச் செம்பில் நிறைத்து வையுங்கள். நான்கைந்து அறை என்றால் கூடவே ஒரு வாளியில் இருப்பு வேண்டும். தூபம் கட்டாயமில்லை. சின்ன அறையில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் சாம்பிராணி போட்டால் இழுப்பு உள்ள பிள்ளைதான் அவதிப்படும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகள் கையில் எரிகிற மெழுகுவர்த்தி கூடாது. நைலான் சட்டை, பட்டுப் பாவாடை, காற்று, தள்ளுமுள்ளு எல்லாம் சேர்ந்த இடம் அது. வெடியும் பள்ளி வளாகத்துக்குள் கூடாது. ஆயர் கார் திரும்பும்போது சரவெடி போட்டே ஆகவேண்டும் என்று இளைஞரணி அடம் பிடித்தால், தெருமுனையில், கீற்றுப் பந்தலுக்கு எட்டாத தூரத்தில் ஓர் இடத்தை நீங்களே காட்டுங்கள்.

சடங்கு

உரோமைச் சடங்கு நூல் வரிசையில் ஆசிகளுக்கென்று தனி நூல் 1984-இல் வெளிவந்தது. புதுப் பள்ளியையோ பல்கலைக்கழகத்தையோ மந்திரிக்கும் முறை அதில் தனியாகவே இருக்கிறது. கூடுதல் வகுப்பறைகளுக்கும் அதையே சற்று மாற்றிப் பயன்படுத்தலாம். பாடல், வாழ்த்து, முன்னுரை, இறைவாக்கு, பதிலுரைப் பாடல், சிறு மறையுரை, மன்றாட்டுகள், ஆசி மன்றாட்டு, தீர்த்தம் தெளித்தல், நிறைவு என்பதுதான் வரிசை. நேரம் குறைவு என்று சொல்லி வாசகத்தை வெட்டிவிட்டு நேரே தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இறைவாக்கும் அதற்குப் பிறகான மன்றாட்டும்தான் சடங்கின் உயிர்நாடி. தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டுப் போவதைச் சடங்கு நூல் ஏற்பதில்லை.

எங்கே நிற்பது? எல்லா அறைக்கும் தனித்தனியாக மன்றாட்டு வேண்டாம். கட்டட முகப்பில், நிழல் விழும் பக்கத்தில் எல்லாரும் கூடுங்கள். ஆசி மன்றாட்டு வரை எல்லாம் அங்கேயே ஒரே தடவை நடக்கட்டும். பிறகு விருந்தினர் ரிப்பனை வெட்டட்டும், அருள்பணியாளர் தீர்த்தத்தோடு உள்ளே நுழையட்டும். ரிப்பன் முதலா மந்திரிப்பு முதலா என்று நன்கொடையாளர் தரப்புக்கும் சிஸ்டர் தரப்புக்கும் நடக்கிற இழுபறி இதில் முடிந்துவிடும்: மன்றாட்டு முதலில், கத்தரிக்கோல் நடுவில், தீர்த்தம் பிறகு. கத்தரிக்கோலைத் துணியில் வெட்டிப் பார்த்துவிட்டுத் தட்டில் வையுங்கள், அலங்காரக் கத்தரிக்கோல்கள் எதையும் வெட்டுவதில்லை.

வாசகத்துக்கு எல்லாரும் மாற்கு 10:13-16 எடுப்பார்கள், இயேசு குழந்தைகளை அணைத்து ஆசி வழங்கும் பகுதி. நல்ல வாசகம்தான், ஆனால் அதன்மேல் பேசுகிற மறையுரை பத்துக்கு ஒன்பது தடவை 'குழந்தைகள் மலர்கள்' என்றுதான் முடிகிறது. லூக்கா 2:41-52 எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்கிறான், கேள்வியும் கேட்கிறான். கேள்வி கேட்கிற பிள்ளையை 'உக்காருடா' என்று அதட்டுகிற வகுப்பறைகளை மந்திரிக்கும் நாளில் ஆசிரியர்களுக்குச் சேர வேண்டிய வாசகம் அது. முதல் வாசகம் வேண்டுமென்றால் இணைச்சட்டம் 6:4-7 பொருந்தும். வாசிப்பவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டும். மைக்கை அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு முன்பே இறக்கி வையுங்கள். மறையுரை ஐந்து நிமிடம் என்று பங்குத்தந்தையிடம் சொல்வது கொஞ்சம் தர்மசங்கடம்தான். 'ஃபாதர், பிள்ளைங்க தரையில உக்காந்திருக்காங்க' என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

மன்றாட்டுகளைப் பிள்ளைகளே எழுதட்டும். திருத்துங்கள், ஆனால் பெரியவர்கள் எழுதிய மாதிரி ஆக்கிவிடாதீர்கள். மாதிரிக்குச் சில:

'இந்த அறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற டீச்சர்களுக்குத் தொண்டை வலிக்காமலும் சீக்கிரம் கோபம் வராமலும் இருக்க மன்றாடுவோம்.'

'வெயிலில் கல்லும் கலவையும் சுமந்த மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் எல்லாருடைய வீட்டிலும் சோற்றுக்குக் குறையில்லாமல் இருக்க மன்றாடுவோம்.'

'வாசிக்க வராமல் பின்பெஞ்சில் ஒளிந்து உட்காருகிற எங்கள் நண்பர்களுக்கும் படிப்பு வர மன்றாடுவோம்.'

'பணம் கொடுத்தவர்களுக்காகவும், கொடுக்க ஆசைப்பட்டும் முடியாமல் போனவர்களுக்காகவும் மன்றாடுவோம்.'

'பள்ளியைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற ஆயாவுக்காகவும், நாங்கள் குப்பை போடாமல் இருக்கவும் மன்றாடுவோம்.'

தீர்த்தம் தெளிக்கும்போது முதலில் பிள்ளைகள், பிறகு சுவர்கள். ஒவ்வொரு வகுப்பும் தன் அறை வாசலில் இரண்டு வரிசையாக நிற்க, அருள்பணியாளர் நடுவே போகட்டும். முதல் துளி பட்டதுமே வரிசை கலையும். பட்ட பிள்ளை சிரிக்கும், பின்னால் நிற்கிற பிள்ளை குதிகாலைத் தூக்கிக்கொண்டு 'ஃபாதர், எம் மேல படல, எம் மேல படல' என்று கத்தும், பட்டவர்களில் பாதிப் பேரும் சேர்ந்து கத்துவார்கள். குச்சியை எடுக்காதீர்கள், விடுங்கள். தெளிப்பவர் மட்டும் அறைக்குள் போனதும் ஸ்விட்ச் போர்டு, ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் பக்கம் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். மின் இணைப்பை அந்த நேரம் மெயினில் அணைத்து வைப்பது நல்லது. மைக் செட்டுக்கு வேறு இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். புது டைல்ஸ் தரையில் தண்ணீர் பட்டால் வழுக்கும், கையில் துணியோடு ஓர் ஆளைப் பின்னாலேயே அனுப்புங்கள்.

மேடை

மந்திரிப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மேடைதான் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. பொது நிகழ்ச்சியைத் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குங்கள். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபின் எழுந்து நிற்பது பற்றிய உத்தரவும் உண்டு. வழிபாட்டுக்குள் அதைச் சேர்க்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

பேச்சாளர் மூன்று பேர் போதும். மேடையில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் பேசியாகவேண்டும் என்ற சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நம் விழாக்களில் பாதி நேரத்தை அதுதான் தின்கிறது. வட்டாரக் கல்வி அலுவலர் வந்திருந்தால் அவருக்கு முதலில் வாய்ப்புக் கொடுங்கள், அவருக்கு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். பேசாத விருந்தினரை மாணவர் பரிசு வழங்க அழைத்துவிட்டால் அவருக்கும் குறையிராது.

கட்டியவர்களுக்கு மரியாதை செய்யும்போது காண்டிராக்டருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மேஸ்திரிக்கும் கொத்தனார்களுக்கும் வேட்டி துண்டு, சித்தாள்களுக்குச் சேலை, எல்லாருக்கும் மேடையிலேயே பெயர் சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பெயர்ப் பட்டியல் முன்பே வேண்டும். 'மேஸ்திரி மற்றும் குழுவினர்' என்று மைக்கில் சொன்னால், மூன்று மாதம் அங்கே செங்கல் சுமந்த பெண்கள் எழுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சாப்பாட்டில் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. விருந்தினர் காத்திருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கல்வெட்டு

கருங்கல்லில் எழுத்து வெட்டியபின் திருத்த முடியாது, கல்லையே மாற்ற வேண்டும். ஆகவே ஆயர் இல்லத்திலிருந்து தேதி எழுத்தில் உறுதியாகும் வரை வெட்டக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் காகிதத்தில் தருகிற படியை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். அதில் ஒருவர் தமிழாசிரியராக இருக்கட்டும். 'மந்திரித்துத்' என்பதில் ஒற்று விழுந்த கல்லை ஐம்பது வருடம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

பெயர் வரிசையில் பெரிய சச்சரவு வரும். மந்திரித்தவர், தலைமை வகித்தவர், நிதி கொடுத்தவர், நாள் இவ்வளவு போதும். பங்குப் பேரவையின் அத்தனை பேரையும் ஏற்றினால் எழுத்து எள்ளளவு ஆகிவிடும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியிருந்தால் அதைக் குறிக்கும் பலகை வைக்கவேண்டும் என்ற விதி உண்டு. அதற்கு வேறு இடம் ஒதுக்குங்கள், மந்திரித்த கல்லோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். நன்கொடையாளர்களின் முழுப் பட்டியலை அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டலாம். ஐந்நூறு ரூபாய் கொடுத்த கிழவிக்கும் அதில் ஒரு வரி கிடைக்கும்.

மறுநாள்

புது அறைகளை யாருக்குக் கொடுப்பது என்பதை விழாவுக்கு முன்பே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். நான் சொல்வது ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு, அதுவும் தரைத்தளத்தில். ஐந்தாம் வகுப்புக்குக் கொடுத்தால் புகைப்படத்தில் அழகாக இருக்கும், மாடிப்படி ஏறி இறங்குவது சின்னப் பிள்ளைகள் தலையில் விழும். அலுவலகத்தையும் ஆசிரியர் ஓய்வறையையும் புதுக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே விட்டுவிடுகிற பள்ளிகளும் உண்டு. அப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால் மன்றாட்டில் பிள்ளைகள் பெயரைச் சொல்ல வேண்டாம்.

மீந்த தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. கேட்கிறவர்களுக்குச் சின்னப் பாட்டிலில் கொடுங்கள், மிச்சத்தைச் செடிக்கோ மரத்துக்கோ ஊற்றலாம். மந்திரித்தவர், நாள், வந்த விருந்தினர் விவரங்களைப் பள்ளியின் பதிவேட்டிலும் பங்குக் குறிப்பேட்டிலும் அன்றே எழுதி, அருள்பணியாளரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். நான்கு சான்றுகளின் நகலையும் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். பந்தல் பிரித்தபின் முற்றத்தில் கால் நட்ட குழிகள் வாய் பிளந்து கிடக்கும், கட்டுக்கம்பித் துண்டுகளும் கிடக்கும். குழிகளை மண் போட்டு இறுக மிதித்து, கம்பிகளைப் பொறுக்கிய பிறகு பந்தல்காரருக்குப் பாக்கியைக் கொடுத்தால் போதும்.